எட்டுப் பின் கேபிளும் மஞ்சப்பைகளும்

புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் யாரும் நலம் விசாரிக்க எனக்குப் போன் செய்வதில்லை. கேபிள் பொருந்தவில்லை என்று சிலர் அழைப்பார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பொருந்தாத கேபிள் எந்தக் கணினியையும் கெடுத்ததில்லை. கேபிள் அழகாகப் பொருந்திவிட்டது என்று சொல்ல அழைப்பவர்களிடம்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவேன்.

போன மாதம் கவிதா அழைத்தார். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தவர். இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்.

"சார், புது கார்டு வந்துடுச்சு. அதுக்குப் பத்தாதுன்னு பவர் சப்ளையும் பெருசா மாத்திட்டேன். பழைய சப்ளையோட கேபிள் உள்ள அழகா ஓடிட்டிருந்துச்சு. அதப் போய் யார் பிடுங்கறதுன்னு அதையே புதுசுல சொருகிட்டேன். கச்சிதமா உக்காந்துடுச்சு."

"ஆன் பண்ணிட்டியாம்மா?"

"இல்ல சார். சுவிட்ச்சுல கைய வெச்சேன். உங்க ஞாபகம் வந்துடுச்சு."

"கைய எடு. எடுத்துப் பின்னால கட்டிக்கோ."

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஜெபமா சார்?"

"ஜெபம்தான். பழைய கேபிள் அத்தனையும் கழட்டு. புது சப்ளையோட பெட்டியில என்ன கேபிள் வந்துச்சோ அத மட்டும் மாட்டு."

மாட்டினார், ஓடியது. மறுநாள் அழைத்து, "எங்க டீம்ல யாருக்கும் இது தெரியல சார். அந்த இசக்கிமுத்து விஷயத்த எழுதுங்களேன்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொல்பவர்கள், அவனுக்கு வேறு வேலையில்லை என்பதை நாசூக்காகச் சொல்கிறார்கள். உண்மைதான். எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மின்னணுவியலில் பட்டம் வாங்கினேன். பிறகு அம்பத்தூரில் பல வருடம் பவர் சப்ளைகளைப் பிரித்து மாட்டினேன். மின்சாரத்துக்குப் படிக்கத் தெரியாது, அதனால் நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே கற்றது. 2007இல் ஒரகடத்தில் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். கார்களுக்கு பம்பர், டேஷ்போர்டு முதலிய பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் இடம். தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் ஒரகடம்வரை தூங்கலாம். பிற்பாடு படப்பையில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டேன். பயண நேரம் குறைந்தது, கூடவே தூக்கமும் போயிற்று. 2015இல் ஓய்வு பெறும்வரை அந்தத் தூக்கத்துக்கு ஈடு கிடைக்கவில்லை.

என் மேலதிகாரி தேவசகாயம் சார். பொறியியல் பிரிவு முழுவதற்கும் தலைவர், படப்பைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஆள் உயரம், குரல் மட்டும் குட்டை. இயந்திரக் கூடத்தின் இரைச்சலிலும் குரலை உயர்த்த மாட்டார். நாம்தான் குனிந்து காது கொடுக்க வேண்டும். யாரையும் அவர் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பார். நாமும் மறுபடி சொல்வோம். சொல்லும்போதே நம் தவறு நம் காதிலேயே விழுந்துவிடும். விழவில்லையென்றால் மூன்றாம் முறையும் கேட்பார், அதே முகத்தோடு. திட்டுகிற மேலதிகாரியாக இருந்தால் மனசுக்குள் பதிலுக்குத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவரிடம் அந்த வசதி கிடையாது.

புதிய கருவி எது வந்தாலும் அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைப் பிரித்துப் பொருளை மேஜைமேல் வைத்ததும், சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அதை மாட்டப்போகிறவர் பொருளின்மேல் எழுதியிருப்பது அத்தனையையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எத்தனை வோல்ட், எத்தனை வாட், எத்தனை பின் என்று கடைசி வரிவரை. படித்து முடிக்காமல் எவர் கையும் முன்னால் வரக் கூடாது. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர் அவர். நாங்களும் மேஜையைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்போம். ஆகவே ஸ்டோர்ஸ் பார்க்கும் ஏழுமலை இதற்கு ஜெபம் என்று பேர் வைத்தார். பேர் ஒட்டிக்கொண்டது.

"இன்னா சார், ஜெபம் முட்ஞ்சிச்சா? ஸ்க்ரூ டிரைவர் எத்தாரட்டா?" என்று வாசலில் நின்று கேட்பார் ஏழுமலை.

"ஆமென் சொல்லியாச்சு. எடுத்துக்கினு வா" என்பார் தேவசகாயம் சார், திரும்பிப் பார்க்காமல்.

இனிமேல் வருவது புரிய ஒரு சிறு விளக்கம் தேவை. பம்பரைக் கணினியில் வரைந்து, அதை எல்லாப் பக்கமும் சுழற்றிப் பார்க்க கிராபிக்ஸ் கார்டு வேண்டும். பெரிய கார்டுகளுக்கு மதர்போர்டு தரும் மின்சாரம் போதாது. பவர் சப்ளையிலிருந்து நேராகத் தனி கேபிள் போக வேண்டும். முனையில் ஆறு ஊசி, அதாவது ஆறு பின்னோ எட்டுப் பின்னோ, சில கார்டுகளுக்கு இரண்டுமோ. இவ்வளவுதான்.

இந்த எட்டுப் பின்னில் ஒரு வம்பு உண்டு. பிராசசருக்குப் போகும் கேபிளும் எட்டுப் பின்தான், ஆனால் அதில் பன்னிரண்டு வோல்ட் வரிசையும் கிரவுண்டு வரிசையும் இடம் மாறியிருக்கும். ஒன்றை மற்றொன்றில் மாட்டிவிடக் கூடாது என்றுதான் ஓட்டைகளின் மூலைகளை வேறு வேறு வடிவத்தில் செய்திருக்கிறார்கள். ஒருமுறை, விற்பனையாளர் அனுப்பிய ஆள் ஒருவர் பிராசசர் கேபிளைக் கார்டில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து, மூலையைச் சீவத் தொடங்கினார்.

"இன்னா பண்றீங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் தேவசகாயம் சார்.

"கொஞ்சம் டைட்டா இருக்கு சார். லூஸ் பண்றேன்."

"அது டைட்டா இருக்கறதுக்கு யாரோ ஒருத்தர் மெனக்கெட்டு வேல பாத்திருக்காரு தம்பி."

பிளேடு பைக்குத் திரும்பியது. எங்கள் தொழிற்சாலையில் கேபிள் விஷயத்தில் பல வருடம் ஒரு புகைகூட வராததற்கு இந்த ஜெபம்தான் காரணம். அப்புறம் நாங்கள் ஒழுங்கானோம்.

ஃபைவ் எஸ் என்று ஜப்பானிலிருந்து வந்த ஒழுங்குமுறை ஒன்று உண்டு. வேண்டாததை வெளியேற்று, வேண்டியதை இனம்பிரித்து இடம் குறித்து வை, துடைத்து வை, இதையே பழக்கமாக்கு என்பது அதன் சாரம். எங்கள் வட்டாரத்தில் அந்தப் பலகை மாட்டாத தொழிற்சாலை கிடையாது. எங்களிடம் அதற்கு வருடாவருடம் போட்டி உண்டு, பொன் நிறத்தில் பிளாஸ்டிக் கேடயமும் உண்டு. 2012இல், மின்வெட்டுக் காலத்தில், ஜெனரேட்டர் பாதி நாள் உறுமிக்கொண்டிருந்தபோது, கேடயம் ஸ்டோர்ஸுக்கும் கணினிப் பிரிவுக்கும் சேர்த்துக் கிடைத்தது. நடுவர் குழுவின் தலைவர் தேவசகாயம் சார். எதை வெளியேற்றுவது என்று சுற்றி வந்து சொல்வதும் அந்தக் குழுதான்.

அப்போது நான் மகள் திருமணத்துக்காக நீண்ட விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தால் ஸ்டோர்ஸ் அலமாரி அடையாளம் தெரியவில்லை. முன்பெல்லாம் அட்டைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, வெள்ள நிவாரண முகாம்போல இருக்கும். இப்போது வரிசையாக நீலத் தட்டுகள். ஒன்றில் '6 பின்', அடுத்ததில் '8 பின்' என்று அச்சடித்த சீட்டு. கேபிள்கள் எல்லாம் ஒரே அளவாகச் சுருட்டி, வெல்க்ரோ பட்டை போட்டு, முறுக்குப்போல அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஏழுமலையின் கைவண்ணம். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அடுத்து, இசக்கிமுத்து. வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயது தாண்டியவர். என் பிரிவில் பல வருடமாக ஒப்பந்தத் தொழில்நுட்பர். ஒரகடத்தில் மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். மனைவி மாரியம்மாளும் மகளும் ஊரில். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இங்கே யாரும் வீடு வாடகைக்குத் தருவதில்லை. நிரந்தரம் ஆகிவிட்டால் வீடு பிடித்து, ஜூனில் மகளை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நிரந்தரம் ஆக்கப்படுவோர் பட்டியல், நான் விடுப்பு முடிந்து வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தலைமை அலுவலகத்துக்குப் போவதாக இருந்தது. என் சிபாரிசில் அவர் பெயரும் அதில் இருந்தது.

அந்த வாரத் தொடக்கத்தில் கவிதாவின் கணினிக்குப் புது கார்டு வந்தது. ஆறு பின் ஒன்று, எட்டுப் பின் ஒன்று கேட்கும் கார்டு. அன்று நான் வாடிக்கையாளர் கூட்டத்துக்காக இருங்காட்டுக்கோட்டை போயிருந்தேன். மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது ஒரு நாற்றம். அம்பத்தூரில் பல வருடம் இருந்தவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கவிதா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார். இசக்கிமுத்து கணினியின் முன் அசையாமல் நின்றார். அவர் கைகள் இரண்டும் மறுபடி பின்னால் போய்க் கட்டிக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் வாசிச்சேன் சார்" என்றார். "கார்டுல உள்ளது, சப்ளைல உள்ளது, ஒண்ணு விடல. வாட்டு தாராளமா இருக்கு. ஆறு பின் கேபிளு ஏற்கெனவே மாட்டித்தான் கெடந்துச்சு. எட்டு பின்ன தட்டுலேருந்து எடுத்தேன். நான் அமுக்கக்கூட இல்ல சார், அதாவே போயி உக்காந்துட்டு. சுவிட்சப் போட்டதும் பட்டுனு ஒரு சத்தம். வயரு உருகிட்டு. நான் எதுல தப்பு பண்ணுனேன்னே தெரியல சார்."

"நான் கண்ணால பாத்தேன் சார்" என்றார் ஏழுமலை. "ஜெபம் ஃபுல்லா பண்ணான். ஒரு வரி வுடல."

சாயங்காலம் மனிதவளப் பிரிவு ராகவன் வந்தார். நல்ல மனிதர், படிவத்தில் காலியிடம் கண்டால் தாங்க மாட்டார். "வெள்ளிக்கிழமை லிஸ்ட் போகுது சார். அதே வாரத்துல கார்டை எரிச்சவர் பேர எப்படி சார் அதுல வைக்கிறது? நாளைக்கு ஏன்-ஏன் போட்டு முடிச்சிடலாம்."

ஏன்-ஏன் என்பது எங்கள் விசாரணை முறை. எந்தக் கோளாறு நடந்தாலும் ஏன் என்று ஐந்து முறை கேட்டுப் பலகையில் எழுத வேண்டும். ஐந்தாவது ஏனில் உண்மையான காரணம் அகப்படும் என்பது நம்பிக்கை. நடைமுறையில், முதல் ஏனிலேயே ஒரு தொழிலாளி அகப்பட்டுவிடுவார். மற்ற நான்கும் ஒப்புக்கு.

மறுநாள் காலை, கூட்டத்துக்கு முன்பே, கருகாத ஒரு சப்ளையை மேஜைமேல் வைத்தேன். அதைத் தனியாக ஓட வைக்க ஒரு சிறு கம்பித்துண்டு போதும். எட்டுப் பின் தட்டிலிருந்து ஒரு கேபிளை மாட்டி, மறுமுனையில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு. சரி. அதைக் கழற்றிவிட்டு, அதே தட்டில் அதற்கு அடுத்திருந்த கேபிளை மாட்டினேன். மீட்டரில் பன்னிரண்டுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து நின்றது. மின்சாரம் தலைகீழ்.

ஏழுமலை குனிந்து இரண்டையும் பார்த்தார். "ரெண்டும் அண்ணன் தம்பி மாறியே கீது சார்."

"பாக்கத்தான். வீடு வேற."

கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய சப்ளைகளில் இதுதான் சூட்சுமம். கார்டின் பக்கம் போகும் முனைக்கு உலகம் முழுக்க ஒரே ஒழுங்கு. சப்ளையின் பக்கம் போகும் முனைக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் வீட்டுச் சமையல்போலத் தன் வழக்கப்படி கம்பிகளை அடுக்கிக்கொள்ளும். வெளி வடிவம் மட்டும் ஒன்றாகவே இருக்கும். எங்கள் கொள்முதல் பிரிவோ ஒவ்வொரு முறையும் வேறொரு கம்பெனியின் சப்ளையை வாங்கித் தன் நடுநிலையைக் காப்பாற்றி வந்தது. அட்டைப் பெட்டிகள் இருந்தவரை அந்தந்த சப்ளையின் கேபிள் அந்தந்தப் பெட்டியில் கிடந்தது. பெட்டிகள் போனபின் எல்லாம் ஒரே தட்டில் ஒன்றாகிவிட்டன. எந்தக் கேபிளின் மேலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. படிக்க எதுவும் இல்லாத பொருளை இசக்கிமுத்து எப்படிப் படிப்பார்?

தேவசகாயம் சாரை அழைத்துக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். "இன்னொரு தடவ காட்டுங்க" என்றார். காட்டினேன். கழித்தல் குறி மறுபடி வந்தது. நேராகக் கூட்ட அறைக்கு நடந்தார்.

அறையில் தேவசகாயம் சார், ராகவன், ஏழுமலை, நான் என நான்கு பேர். இசக்கிமுத்து வெளியே நடையில் நின்றார். ராகவன் மார்க்கரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். "எழுதுங்க சார். கார்டு ஏன் எரிஞ்சுது? தப்பான கேபிள் மாட்டுனதால. ஆபரேட்டர் எர்ரர். தீர்வு, ட்ரெய்னிங். அஞ்சு நிமிஷ வேல."

"அஞ்சு ஏன்னு சொன்னா அஞ்சு நிமிஷம்னு புரிஞ்சிக்கினீங்களா?" என்றார் தேவசகாயம் சார், அதே குட்டைக் குரலில். "இன்னொரு தடவ சொல்லுங்க ராகவன். ஏன் தப்பான கேபிள மாட்டுனாரு?"

"பாத்து எடுக்கல சார்."

இரண்டு கேபிள்களையும் ராகவன் முன்னால் வைத்தேன். "இதுல கார்டை எரிக்கறது எதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். கீழே வைத்துவிட்டார். இரண்டாவது ஏனுக்கு எதிரே, 'பார்த்துச் சொல்ல முடியாது' என்று எழுதினேன்.

"சரி, ரெண்டையும் ஏன் ஒரே தட்டுல போட்டு வெச்சாங்க?" என்றார் ராகவன். மூன்றாவது ஏன். எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தோம்.

ஏழுமலை எழுந்தேவிட்டார். "இருங்க சார். ஒவ்வொண்ணும் அதது பொட்டிலதான் கெட்ந்துச்சு. ஃபைவ் எஸ்ஸுன்னீங்க. பொட்டிய தூக்குன்னீங்க. தூக்கினேன். ஒரே மாறி இருக்கறத ஒண்ணா வையின்னீங்க. வெச்சேன். கைதட்டி போட்டோ புட்ச்சீங்க. அப்ப ஏழுமல சூப்பரு, இப்ப ஏழுமல குத்தவாளியா?"

"உக்காரு ஏழுமல. உன்ன யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார் தேவசகாயம் சார். "நாலாவது எழுதுங்க. பொட்டிய ஏன் தூக்குனாங்க?"

'காலிப் பெட்டி என்று கருதப்பட்டதால்' என்று எழுதினேன். ஐந்தாவது ஏன் மட்டும் மிச்சம். காலி என்று கருதியது யார்? அறையில் பதில் தெரியாதவர் யாருமில்லை. நான்காவதிலேயே நிறுத்திவிட்டு, 'நடைமுறைக் குறை' என்று பொதுவாக ஒரு வரி போட்டு மூடலாம். அதற்கான சொற்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் அப்படி ஆளில்லாமல் மூடிய விசாரணை, தலைமை அலுவலகம் போனதும், ஓர் ஆளைத் தேடிக்கொண்டு திரும்பி வரும். எப்போதும் கீழே நிற்பவரிடம்தான் வரும். இதுவும் எனக்குத் தெரியும். மார்க்கரைப் பிடித்தபடி நின்றேன்.

தேவசகாயம் சார் எழுந்து வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பலகையை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் என் கையிலிருந்து மார்க்கரை வாங்கி, ஐந்தாவது ஏனுக்கு எதிரே எழுதினார்: 'உள்ளே இருப்பதைப் படிக்காமல் பெட்டிகளை வெளியேற்றச் சொன்னவர், குழுத் தலைவர் தேவசகாயம்.'

"சார், இது அப்படியே ஹெட் ஆபீஸ் போகும்" என்றார் ராகவன்.

"போவட்டும், அதுக்குத்தான எழுதறது. அஞ்சு ஏன்ல எதுலயாச்சும் இசக்கிமுத்து பேரு கீதா? பாத்துக்கினு சைன் பண்ணுங்க."

ராகவன் ஒருமுறை முழுவதும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

நடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். இசக்கிமுத்துக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. "அப்பம் சாருக்கு என்ன ஆவும்?" என்றுதான் கேட்டார்.

பட்டியல் வெள்ளிக்கிழமை போனது. இசக்கிமுத்துவின் பெயர் அதில் அப்படியே இருந்தது. தேவசகாயம் சாருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து அறிவுரைக் கடிதம் ஒன்று வந்தது. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "படிச்சேன். கையப் பின்னால கட்டிக்கினுதான் படிச்சேன்" என்றார். அந்த வருடம் அவருக்குப் பெரிய பதவி வரும் என்று பேசிக்கொண்டார்கள். வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசவில்லை. நாங்களும் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கவில்லை.

மீட்டரை வைத்துக்கொண்டு கேபிள்களை அந்தந்த சப்ளைக்குப் பிரித்தோம். பிரித்ததை எதில் வைப்பது என்று பார்த்தால், என் வீட்டில் மகள் திருமணத்துத் தாம்பூலப் பைகள் ஒரு கட்டு மிச்சம் இருந்தன. மற்றவர்களும் வீட்டில் கிடந்ததைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கணினியின் பக்கவாட்டிலும் ஒரு மஞ்சப்பை தொங்கியது. அந்தக் கணினியின் கேபிள் அந்தப் பையை விட்டு வேறெங்கும் போகக் கூடாது. பைகளில் மணமக்கள் பெயர் அச்சிட்டிருந்ததால் கணினிகளுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. "மணிகண்டன்-ரேவதி மெஷின் நின்னு போச்சு சார்" என்று போன் வரும். "ஜோடிய மாத்திப்புடாதீங்க, வூட்ல சண்ட வந்துரும்" என்று ஏழுமலை போகிறவர் வருகிறவரை எச்சரிப்பார். அடுத்த ஃபைவ் எஸ் போட்டியில், ஒழுங்கற்ற துணிப்பைகள் தொங்குகின்றன என்று எங்களுக்கு மதிப்பெண் குறைத்தார்கள். கேடயம் பெயின்ட் பிரிவுக்குப் போயிற்று. ஏழுமலை அதைத் துடைத்து அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பாரம் இறங்கியவர்போல வந்தார்.

கவிதாவின் கணினிக்கு மறுபடி ஒரு கார்டு வந்து, அது ஒரு புகார் இல்லாமல் ஓடியது. அதில் தொங்கியது என் மகள் திருமணப் பை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அதன் காது பிய்ந்துவிட்டது. ஒரு காலை, இசக்கிமுத்து கையில் புதுப் பையோடு வந்தார். அவர் மகளின் காதணி விழாவுக்கு அச்சடித்தது. விழா வள்ளியூரில் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையை வாங்கிப் பார்த்தேன். பெயர்களுக்குக் கீழே, இடம்: ஒரகடம் என்று போட்டிருந்தது.

"ஊருல வைக்கலையாப்பா?"

"வீடு இங்கன இருக்கும்போது அங்க என்னத்துக்கு சார்?"

பழைய பையிலிருந்த கேபிள்களை மேஜைமேல் பரப்பினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இப்போது ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த சீட்டை வாய்விட்டுப் படித்தார். பிறகு ஒவ்வொன்றாகப் புதுப் பைக்குள் வைத்தார்.

"இன்னாபா, ஜெபம் முட்ஞ்சிச்சா?" என்றார் வாசலில் ஏழுமலை.

நடையில் போய்க்கொண்டிருந்த தேவசகாயம் சார் நிற்கவில்லை, திரும்பவில்லை. "ஆமென்" என்ற குரல் மட்டும் வந்தது, வழக்கம்போலக் குட்டையாக.